முதலாம் ஆண்டு பல்கலைக்கழக வாழ்க்கை எப்போது பழகும்? கோலாலம்பூருக்குப் படிக்க வந்த தம்பிக்கு ஒரு பதில்

சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வில் நல்ல தேர்ச்சி. வந்து ஒரு மாதம் ஆகிறது. விரிவுரை ஆங்கிலத்தில் ஓடுகிறது, பாதிதான் புரிகிறது. டுட்டோரியல் என்னும் சிறு குழு வகுப்பில் அவர் ஒருவர்தான் தமிழர், வாயைத் திறப்பதே இல்லை. அறையில் கூட இருப்பவர் மலாய்க்காரர், நல்லவர், ஆனால் பேச்சு வளரவில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார். "எத்தனை நாளில் பழகும்? எனக்கு இந்தப் படிப்புக்குத் தகுதி இருக்கிறதா?" என்று முடித்திருக்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையை நடத்தும் யூபியூவில் இடம் ஒதுக்குவது மெரிட் என்னும் தகுதிப் புள்ளியைப் பார்த்து. தொண்ணூறு விழுக்காடு தேர்வு முடிவு, பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்தக் கணக்கில் நீங்கள் தேறித்தான் உள்ளே வந்திருக்கிறீர்கள். யாரும் பரிதாபப்பட்டுக் கதவைத் திறந்துவிடவில்லை. அதனால் தகுதிக் கேள்வியை இத்தோடு மூடி வையுங்கள். உங்களுக்கு இருப்பது பழக்கத்தில் வந்த சிக்கல்.

எத்தனை நாள் என்றால், நான் கோலாலம்பூரில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தியும், சில காலம் விடுதி மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபெல்லோவாக இருந்தும் பார்த்த வரையில், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாம் செமஸ்டரின் நடுவில்தான் கால் தரையில் படுகிறது. முதல் செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது அதே கேண்டீன், அதே பஸ், அதே வராந்தா திடீரென்று தெரிந்த இடமாகிவிடும். அதற்கு முன் "எனக்கு மட்டும்தான் ஒட்டவில்லை" என்று தோன்றுவது எல்லோருக்கும் உண்டு. முன்வரிசையில் அமர்ந்து தலையாட்டுகிறாரே, அவருக்கும் உண்டு.

ஆனால் நாள் போனால் தானாகப் பழகிவிடும் என்று விட்டுவிட முடியாது. ஒரு கணக்கு சொல்கிறேன், இதை யாரும் முதல் வாரத்தில் உட்கார வைத்துச் சொல்வதில்லை. மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். வாரம் மூன்று மணி நேர வகுப்பு, 14 வாரம் என்று வைத்தால் 42 மணி நேரம்தான் விரிவுரையாளர் உங்களோடு இருக்கிறார். மிச்சம் 78 மணி நேரம் உங்கள் தலையில். இந்த செமஸ்டரில் 18 கிரெடிட் எடுத்திருந்தால் மொத்தம் 720 மணி நேரம். நடு விடுமுறை, மீள்பார்வை வாரம், தேர்வு எல்லாம் சேர்த்து 18 வாரம் என்று வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு 40 மணி நேரம் வரும். அதாவது ஒரு முழுநேர வேலை.

உங்கள் அட்டவணையில் என்ன தெரிகிறது? வாரத்துக்குப் பதினெட்டு, இருபது மணி நேர வகுப்பு. புதன்கிழமை மத்தியானம் காலி, வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வகுப்பு. ஆறாம் படிவத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை பள்ளி, சாயங்காலம் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம் என்று யாரோ உங்கள் நாளை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். இங்கே அந்த யாரோ இல்லை. காலியாகத் தெரியும் இருபது மணி நேரத்தை ஓய்வு என்று நினைத்தவர்கள்தான் பத்தாவது வாரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் டியூஷனிலேயே வளர்ந்தவர்கள். ஆசிரியர் குறிப்பு கொடுப்பார், இது வரும், இது வராது என்று சொல்வார். இங்கே ஸ்லைடு மட்டும் ஏற்றுவார்கள். ஸ்லைடு தலைப்பைத்தான் சொல்லும், பாடம் புத்தகத்தில் இருக்கிறது.

அந்த இருபது மணி நேரத்தை எங்கே வைப்பது என்றால், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் வையுங்கள். பத்து மணிக்கு ஒரு வகுப்பு முடிந்து, இரண்டு மணிக்கு அடுத்தது என்றால் அறைக்குத் திரும்பாதீர்கள். வெயிலில் பஸ் பிடித்து அறைக்குப் போனால் மின்விசிறியைப் போட்டுப் படுக்கத்தான் தோன்றும், அது மனித இயல்பு. நேரே நூலகத்துக்குப் போய் அன்றைக்குக் கேட்ட விரிவுரையை அன்றைக்கே ஒருமுறை புரட்டுங்கள். இரவில் படிப்பேன் என்று திட்டம் போடுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. விடுதியில் இரவு என்பது கூட்டம், ஃபூட்சால், கலாசார விழா ஒத்திகை, மாமாக் சாப்பாட்டுக் கடை. அது எல்லாமே வேண்டியதுதான், அதனால்தான் படிப்பைப் பகலில் முடிக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று: ஒவ்வொரு பாடத்துக்கும் புரோ ஃபோர்மா என்னும் பாடத்திட்டத் தாள் கொடுத்திருப்பார்கள். பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை. கேரி மார்க், அதாவது இறுதித் தேர்வுக்கு முன்பே சேரும் மதிப்பெண், எத்தனை விழுக்காடு, நடுத்தேர்வு எந்த வாரம், அசைன்மெண்ட் எப்போது என்று எல்லாம் அதில் இருக்கும். எல்லாப் பாடத்தின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஏழாவது, எட்டாவது வாரத்தில் மூன்று நான்கு ஒன்றாக விழுவது கண்ணில் படும். பல பாடங்களில் கேரி மார்க் பாதி வரை இருக்கும். இறுதித் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தேர்வு அறைக்குள் போகும்போதே கையிலிருந்து பாதி போயிருக்கும். வருகைக்கும் விதி உண்டு. குறிப்பிட்ட விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"முதல் செமஸ்டர்தானே, விடு, பிறகு ஏத்திக்கலாம்" என்று சொல்லும் சீனியர் அண்ணன்மார் இருப்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி. பாயிண்டர் என்பது எல்லா செமஸ்டரையும் சேர்த்த சராசரிப் புள்ளி, சேர்ந்துகொண்டே வருவது. கிரெடிட் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். முதல் செமஸ்டரில் 2.40 எடுத்தவர் அடுத்த இரண்டு செமஸ்டரிலும் முழு 4.00 எடுத்தாலும் மொத்தம் 3.47தான் வரும், 3.50-ஐத் தொட முடியாது. ஏழு செமஸ்டர் முடிவில் 3.50 வேண்டும் என்றால் மிச்ச ஆறிலும் சராசரி 3.68-க்குமேல் எடுத்தாக வேண்டும். முடியாதது இல்லை, எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் மூன்று வருடம் மூச்சு வாங்க வேண்டும். 2.00-க்குக் கீழே போனால் நன்னடத்தைக் காலம் மாதிரி ஒரு எச்சரிக்கை நிலையில் வைப்பார்கள். முதலாம் ஆண்டுப் பாடங்கள்தான் இருப்பதிலேயே எளியவை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, மொழி விஷயம். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் இடைநிலைப்பள்ளி முடித்து, மூயெட் என்னும் ஆங்கிலத் தேர்வு எழுதி வந்தவர்களுக்கு ஆங்கில விரிவுரை முதலில் வேகமாகத்தான் இருக்கும். ஆனால் புரியாததில் பெரும்பகுதி ஆங்கிலம் இல்லை, அந்தத் துறையின் சொற்கள். ஒரு பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நூறு, நூற்றைம்பதுக்குள் அடங்கிவிடும். விரிவுரைக்கு முந்தின இரவு ஸ்லைடை இறக்கி, தெரியாத சொற்களை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள். அரை மணி நேர வேலை. வகுப்பில் அந்தச் சொல் காதில் விழும்போது தெரிந்த முகமாக வரும். குறிப்பைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து எழுதுங்கள், யாரும் உங்கள் நோட்டைத் திருத்தப் போவதில்லை. விடைத்தாளில் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். நூலகத்தில் பாஸ்ட் இயர் தாள்கள், அதாவது முந்தைய ஆண்டுகளின் தேர்வுத் தாள்கள், இருக்கும், இப்போதே எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி எப்படிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் கேள்வி முழுவதிலும் என்னை உறுத்தியது "வாயைத் திறப்பதே இல்லை" என்ற இடம். நம் பள்ளிகளில் அமைதியாக இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளை. வீட்டிலும் பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்காதே என்றே சொல்லி வளர்க்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளை இங்கே வந்து, முந்நூறு பேர் இருக்கிற விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில் அதே அமைதியோடு உட்கார்ந்தால், அவர் இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது. பள்ளியில் முகம் வாடினால் ஆசிரியர் கூப்பிட்டு என்ன என்று கேட்பார். இங்கே கேட்கமாட்டார்கள், அது அலட்சியம் இல்லை, உங்களையும் வளர்ந்த ஆளாக நடத்தும் முறை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஆண்டுதோறும் முதல் செமஸ்டரில் தோற்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அறிவில் குறைந்தவர்கள் அபூர்வம். யாரிடமும் கேட்காமல் எட்டு வாரம் தள்ளியவர்கள்தான் அதிகம்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "போய்க் கேள்" என்பது எளிது. டுட்டோரியலுக்கு ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வகுப்பு தொடங்கின முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போக நெஞ்சு அடித்துக்கொள்ளும், கடைசியில் கேட்காமலே எழுந்துவிடுவீர்கள். ஆங்கிலம் தடுமாறினால் மலாயில் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கூட்டத்தில் முடியவே முடியாது என்றால் விரிவுரையாளரின் அறைக்குப் போங்கள். ஆலோசனை நேரம் புரோ ஃபோர்மாவிலோ அறைக் கதவிலோ இருக்கும். பெரும்பாலும் அந்த நேரத்தில் யாருமே வருவதில்லை, அவர் தனியாக உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருப்பார். போகும்போது "ஒன்றுமே புரியவில்லை" என்று போகாதீர்கள். "மூன்றாவது வாரத்தில் இந்தச் சமன்பாடு வரை வந்தேன், இதற்கு அடுத்தது தெரியவில்லை" என்று போங்கள். முதல் வகைக்கு அவரால் "திரும்பப் படியுங்கள்" என்றுதான் சொல்ல முடியும். இரண்டாவதற்கு உட்கார வைத்து விளக்குவார்.

மின்னஞ்சலில் "டாக்டர்" அல்லது "புரோஃப்" என்று விளியுங்கள், மலாயில் எழுதினால் "சலாம் செஜாத்தெரா" என்று தொடங்கினால் போதும். பெயர், மெட்ரிக் எண், பாடக் குறியீடு, பிறகு கேள்வி. ராத்திரி பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பில் "ஹலோ டாக்டர்" என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் வேண்டாம். அதைப் பார்த்து எரிச்சல்படாத விரிவுரையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை, என்னையும் சேர்த்து.

உங்களுக்கென்று ஒரு கல்வி ஆலோசகரையும் ஒதுக்கியிருப்பார்கள். பெயரைத் தேடிப் பிடித்து இந்த மாதமே ஒருமுறை போய் முகத்தைக் காட்டுங்கள். பின்னால் பாடம் மாற்றவோ உபகாரச் சம்பளத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கவோ போகும்போது அவருக்கு உங்களைத் தெரிந்திருப்பது நல்லது.

குழு வேலையில் நம் பிள்ளைகள் இரண்டு விதமாக மாட்டுவார்கள். ஒன்று, யாரும் சேர்க்கவில்லை என்று கடைசி வரை நின்று, மிஞ்சினவர்களோடு சேர்வது. இன்னொன்று, சேர்த்துக்கொண்டார்களே என்ற நன்றியில் மொத்த வேலையையும் தானே சுமப்பது. குழு பிரிக்கச் சொன்ன நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுங்கள். யார் எந்தப் பகுதி, எந்தத் தேதிக்குள் என்று முதல் நாளே குழு வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டுவிட்டால், ஸ்லீப்பிங் பார்ட்னர் யார் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அறைத் தோழர் விஷயத்தில் பெரிய நட்பை எதிர்பார்க்காதீர்கள், நல்ல ஏற்பாடு இருந்தால் போதும். அவர் சுபு தொழுகைக்கு விடியலில் எழுவார், அலாரம் அடிக்கும். உங்களுக்கு இரவில் விளக்கு வேண்டும். முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிடலாம், அவர்களுக்கும் உணவுக் கட்டுப்பாடு உண்டு, உடனே புரியும். அறையில் சாமி படம் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். உங்கள் மேசையில் சிறிய படம் வைத்துக்கொள்வதற்கு யாரும் ஒன்றும் சொல்லி நான் பார்த்ததில்லை. தீ சம்பந்தப்பட்டதால் விளக்கும் ஊதுபத்தியும் விடுதியில் சிக்கலாகும், அதை விட்டுவிடுங்கள். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டுங்கள், பேச்சு வளர அது போதும்.

வார இறுதிக்கு வருவோம். வாராவாரம் ஊருக்குப் போவது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்கிற நிலை. பஸ் கட்டணம் ஒரு பக்கம். அதைவிட, நட்பு பிடிப்பதெல்லாம் சனி ஞாயிறில்தான் நடக்கிறது, நீங்கள் அப்போது இங்கே இருப்பதில்லை. திங்கட்கிழமை வரும்போது எல்லோரும் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், உங்களுக்கு அது தெரியாது. மாதம் ஒருமுறை போங்கள். வீட்டு நினைவு வாட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்ஆர்டி யுனிவர்சிட்டி நிலையத்தில் ஏறுங்கள், நான்காவது நிலையம் கேஎல் சென்ட்ரல், இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ். கந்தசுவாமி கோயிலுக்குப் போய்விட்டு வாழை இலையில் சாப்பிட்டுத் திரும்பினால் பாதி பாரம் இறங்கும். மலேசியக் குடிமக்களுக்கு மை50 பாஸ் இருக்கிறது. 50 ரிங்கிட்டுக்கு 30 நாள் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பஸ் எல்லாம் ஏறலாம். அடிக்கடி வெளியே போகிற மாதத்தில் மட்டும் வாங்குங்கள்.

தமிழ் மாணவர் கூட்டத்தோடு சேரலாமா, ஒதுங்கி இருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் சேருங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது. தனிநாயகம் அடிகள் அங்கே பேராசிரியராக இருந்த காலத்தில்தான் 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்தது. மாணவர்களின் தமிழ்ப் பேரவை இருக்கிறது. நீங்கள் அந்நிய வீட்டுக்கு வந்துவிடவில்லை. ஆனால் ஒரு வரம்பு வையுங்கள். சாப்பாடு, பயணம், படிப்பு, குழு வேலை என எல்லாமே அதே ஆறு பேரோடு என்றால் நான்கு வருடம் கழித்தும் உங்கள் மலாயும் ஆங்கிலமும் இன்றைக்கு இருக்கிற இடத்திலேயே நிற்கும். வேலைக்கான நேர்முகத்தில் அது தெரிந்துவிடும். தமிழ்க் கூட்டத்தில் ஒன்று, அதற்கு வெளியே ஒன்று என இரண்டு இடத்தில் உறுப்பினராக இருங்கள், போதும். நடவடிக்கைகளில் கிடைக்கும் மெரிட் புள்ளிகள் இரண்டாம் ஆண்டு விடுதி இடத்துக்குத் தேவைப்படும். அதற்காக ஐந்து குழுவில் செயலாளராகச் சேர்ந்து படிப்பைக் கோட்டைவிடுகிறவர்களும் உண்டு. நம்மிடம் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். பிடிபிடிஎன் என்னும் அரசாங்கக் கல்விக் கடன் செமஸ்டருக்கு ஒருமுறை மொத்தமாக வரும், அதுவும் முதல் தடவை தாமதமாகும். வந்ததும் பெரிய தொகை மாதிரி தெரியும். இருபது வாரத்துக்கு வகுத்து, வாரத்துக்கு இவ்வளவு என்று வேறொரு கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது கடன், ஆண்டுக்கு ஒரு விழுக்காடு கட்டணத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டியது, கைபேசி மாற்றுவதற்கு இல்லை. வீட்டில் கஷ்டம், சாப்பாட்டுக்கே இழுபறி என்றால் மாணவர் விவகாரப் பிரிவில் சொல்லுங்கள். அவசர உதவி நிதி, உணவு உதவி என்று ஏதாவது இருக்கும், கேட்டவர்களுக்குத்தான் தெரியும். இரவு வேலைக்குப் போவதை முதல் செமஸ்டரில் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

வீட்டுக்குப் போன் செய்யும்போது "எல்லாம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி நீங்கள் என்றால் அப்பா அம்மாவுக்கு இங்கே நடப்பது எதுவும் தெரியாது. நடுத்தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அதைச் சொல்லுங்கள், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறைத்து வைத்துச் செமஸ்டர் முடிவில் சொல்வதுதான் வீட்டில் பெரிய பூகம்பமாகிறது.

தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், வகுப்புக்கு எழவே முடியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது வீட்டு ஏக்கத்தைத் தாண்டிய விஷயம். பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பிரிவுக்குப் போங்கள், மாணவர்களுக்கு இலவசம், பாயிண்டர் தாளில் எதுவும் ஏறாது. நேரில் போகத் தயக்கம் என்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555, மனம் விட்டுப் பேச உதவும் தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929. பிஃப்ரெண்டர்ஸ் நாள் முழுவதும் எடுப்பார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் படிப்பை ஒரு செமஸ்டர் ஒத்திவைக்கவும் வழி இருக்கிறது. சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவதுதான் எல்லாவற்றையும் சிக்கலாக்கும்.

துறையை மாற்றிக்கொள்ளலாமா என்றும் ஓர் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். ஒரு மாதத்தில் அதை முடிவு செய்ய முடியாது. இப்போது உங்களுக்குப் பிடிக்காமல் இருப்பது அந்தத் துறையா, கோலாலம்பூரா, தனிமையா என்று உங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. மாற்றுவதற்கும் பெரும்பாலும் முதல் செமஸ்டர் முடிவைத்தான் கேட்பார்கள், அதனால் எப்படிப் பார்த்தாலும் இந்தப் பாடங்களை நன்றாகச் செய்தாக வேண்டும். நடுத்தேர்வு முடியட்டும். எந்தப் பாடத்தில் எவ்வளவு வந்தது, விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தீர்களா, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அப்போது அதைப் பேசலாம்.